விலை நிபந்தனையில் இருக்கிறது
விதி எஞ்சினுக்கு விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் விதி எழுதித் தரும் நண்பர்களுக்கு,



உங்களில் சிலர் ட்ரூல்ஸில் எழுதுகிறீர்கள். சிலர் கிளிப்ஸில். இன்னும் சிலர் நிறுவனம் சொந்தமாகக் கட்டிய எஞ்சினில், எக்செல் தாளைப் போன்ற திரையில், கட்டம் கட்டமாக விதிகளை நிரப்புகிறீர்கள். கருவி எதுவானாலும் எழுதுவது ஒரே வடிவம்தான்: இன்னின்ன நிலை இருந்தால், இன்னதைச் செய். இந்த மடல் அந்த வாக்கியத்தின் முதல் பாதியைப் பற்றியது. 'செய்' என்ற பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம், கூட்டம் போட்டு விவாதிக்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம். 'இருந்தால்' என்ற பகுதியிலோ பொருள் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். எஞ்சினின் நேரத்தில் பெரும்பங்கு அங்கேதான் செலவாகிறது.

"என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், எப்படித் தேடுவது என்பதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும்." விதி எஞ்சினைக் கற்றுத் தருபவர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லும் வாக்கியம் இது. பாதி உண்மை. தேடுவது எஞ்சின்தான். ஆனால் எத்தனை ஜோடிகளை அது ஒப்பிட வேண்டும், எவற்றை நினைவில் சுமக்க வேண்டும், ஒரு மாற்றம் வந்தால் எவ்வளவைக் கலைத்துக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் நாம் எழுதும் நிபந்தனையின் வடிவத்திலேயே முடிவாகிவிடுகின்றன. நிபந்தனையை எழுதுபவரே அதன் விலையையும் எழுதுகிறார். அந்த விலையை நாம் தெரிந்து எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இதை வேகத்தின் மீதுள்ள ஆசையால் சொல்லவில்லை. ஒரு விதி மெதுவாக ஓடினால் அடுத்து என்ன நடக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். இரவுநேர ஓட்டம் காலை அலுவல் தொடங்கும்முன் முடியவில்லை என்று புகார் வரும். "இப்போதைக்கு அந்த விதியை நிறுத்தி வையுங்கள்" என்று ஒரு குரல் வரும். அல்லது எல்லாக் கணக்குகளையும் பார்க்க வேண்டிய விதி, மாதிரிக்கு எடுத்த சில கணக்குகளை மட்டும் பார்க்கத் தொடங்கும். மோசடியைத் தடுக்கவோ, ஒருவருடைய கடன் விண்ணப்பம் தவறாகத் தள்ளப்படாமல் காக்கவோ எழுதப்பட்ட விதி, பெயரளவில் மட்டும் உயிரோடு இருக்கும்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். வாடிக்கையாளர், கணக்கு, பரிவர்த்தனை என நாம் உள்ளே போடும் பதிவுகள் வொர்க்கிங் மெமரியில் இருக்கின்றன. எளிய எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் எல்லா விதிகளையும் எல்லாப் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். 1970களில் இப்படி ஓடிய நிரல்களில் சில, தம் மொத்த நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒப்பிடுவதிலேயே கழித்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஃபோர்கி இதற்கு ஒரு வழி கண்டார். 1979-இல் அவருடைய ஆய்வேடு வந்தது. 1982-இல் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' இதழில் கட்டுரையாகவும் வந்தது. ரீட்டே அல்காரிதம் என்று இன்று நாம் அழைப்பது அதுதான்.

ஃபோர்கியின் வழி இரண்டு கவனிப்புகளில் நிற்கிறது. ஒன்று, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் மிகச் சில பதிவுகளே மாறுகின்றன. ஆகவே சென்ற சுற்றில் பார்த்ததை மறந்துவிட்டு மறுபடி பார்ப்பது வீண். இரண்டு, வெவ்வேறு விதிகளில் ஒரே மாதிரியான நிபந்தனைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை ஒரு முறை பார்த்தால் போதும். இதன்படி நிபந்தனைகள் ஒரு வலைப்பின்னலாகக் கட்டப்படுகின்றன. முதல் பகுதியான ஆல்ஃபா, ஒரே பதிவுக்குள் பார்க்கக்கூடிய சோதனைகளைச் செய்கிறது: 'பரிவர்த்தனை வகை ரொக்கம்', 'தொகை 50,000-க்கு மேல்' என்பன போல. அடுத்த பகுதியான பீட்டா, ஒரு பதிவை இன்னொன்றோடு இணைக்கிறது: 'இந்தப் பரிவர்த்தனையின் கணக்கு எண்ணும் அந்தக் கணக்கின் எண்ணும் ஒன்று' என்பது போல. இணைப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்த பகுதிப் பொருத்தங்களை எஞ்சின் நினைவில் வைத்திருக்கிறது.

இந்த அமைப்பின் மீதுதான் ஓ.பி.எஸ்.5 மொழி எழுந்தது. அந்த மொழியில் ஓடிய, ஜான் மெக்டெர்மாட் உருவாக்கிய எக்ஸ்கான் என்ற அமைப்பு, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினி ஆர்டர்களில் எந்தப் பாகத்தோடு எந்தப் பாகம் சேரும் என்பதை ஆயிரக்கணக்கான விதிகளால் முடிவு செய்தது. நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1985-இல் தொடங்கிய கிளிப்ஸ், பிறகு வந்த ஜெஸ், ட்ரூல்ஸ் எல்லாம் இந்த வழி வந்தவையே. ட்ரூல்ஸ் தன் 6-ஆம் பதிப்பிலிருந்து ஃப்ரீக் என்ற அல்காரிதத்துக்கு மாறியது. ஒரு விதி செயல்படும் வாய்ப்பு வரும்வரை இணைப்பு வேலையை அது தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போடுவதால் தேவையற்ற வேலை குறையும். நிபந்தனையே பெருக்கிவைத்த வேலையோ அப்படியே காத்திருக்கும்.

விதிகள் பெருகியதால்தான் எஞ்சின் திணறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ராபர்ட் டோரன்பாஸ் 1995-இல் கார்னகி மெலனில் எழுதிய ஆய்வேடு, ரீட்டேயைத் திருத்தி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விதிகள் கொண்ட அமைப்பை ஓட்டிக் காட்டியது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு மிலிந்த் தாம்பே, ஆலன் நியூவெல், பால் ரோசன்புளூம் மூவரும் எழுதிய கட்டுரையோ எதிர்ப்பக்கத்தைக் காட்டியது: ஒரே ஒரு விதியில் நிபந்தனைகள் கூடக் கூட அதைப் பொருத்தும் செலவு அடுக்கு அடுக்காகப் பெருகலாம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்குரிய பாடம் கிடைக்கிறது. லட்சம் விதிகளைத் தாங்கும் எஞ்சினை, மோசமாக எழுதிய ஒரு நிபந்தனை படுக்கவைக்கும். எல்லா நிபந்தனைகளையும் விரைவாகப் பொருத்தித் தரும் அல்காரிதம் எவரிடமும் இல்லை. ஆகவே எஞ்சினை மாற்றினால் தீரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி நமக்கு நன்கு தெரிந்த ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2005-இல் வந்த பதிவேட்டு விதிகளின்படி, வங்கிகள் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளை நிதி நுண்ணறிவுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். தனித்தனியே 10 லட்சத்துக்குக் குறைவாக இருந்தாலும், ஒன்றோடொன்று தொடர்புடையவையாக ஒரே மாதத்துக்குள் நடந்து, மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டும் தொடர் பரிவர்த்தனைகளையும் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டாம் பகுதியை விதியாக எழுதச் சொன்னால், முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்: 'அ' என்று ஒரு ரொக்க வரவு, 'ஆ' என்று ஒரு ரொக்க வரவு, இரண்டின் கணக்கு எண்ணும் ஒன்றா, மாதமும் ஒன்றா, கூட்டுத்தொகை 10 லட்சத்துக்கு மேலா என்று கடைசியில் ஒரு பொதுச் சோதனை.

தமிழ் வாக்கியமாகப் படித்தால் குறை தெரியாது. எஞ்சினின் பக்கம் நின்று படியுங்கள். வொர்க்கிங் மெமரியில் 20,000 ரொக்க வரவுகள் இருப்பதாகக் கொள்வோம். 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடையில் உள்ள தொடர்பைப் பேட்டர்னுக்குள், அதாவது ஒரு பதிவை விவரிக்கும் நிபந்தனைக்குள், சொல்லாமல் கடைசிச் சோதனைக்குள் ஒளித்துவைத்ததால், எஞ்சின் ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் சேர்க்கிறது: 20,000 பெருக்கல் 20,000, அதாவது 40 கோடி ஜோடிகள். 40 கோடியில் ஒவ்வொரு ஜோடியையும் சேர்த்த பிறகுதான் "கணக்கு எண் ஒன்றா?" என்று கேட்கிறது. ட்ரூல்ஸின் இவால், கிளிப்ஸின் டெஸ்ட் ஆகியவற்றுக்குள் எழுதும் சோதனைகளின் இயல்பு இது. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை எஞ்சின் பிரித்துப் பார்த்து இன்டெக்ஸ் கட்டுவதில்லை. உண்டா இல்லையா என்ற விடையை மட்டும் வாங்கிக்கொள்கிறது.

அதே தொடர்பை 'ஆ'வின் பேட்டர்னுக்குள், 'ஆ'வின் கணக்கு எண் 'அ'வின் கணக்கு எண்ணுக்குச் சமம் என்று நேரடியாக எழுதுங்கள். சமன் ஒப்பீடு என்பதால் எஞ்சின் கணக்கு எண்ணின் மீது ஹேஷ் இன்டெக்ஸ் கட்டும். 'அ' ஒன்று வந்ததும் அதே எண் உள்ள வரவுகள் இருக்கும் இடத்துக்கு நேரே போகும். ஒரு கணக்குக்குச் சராசரியாக நான்கு வரவு என்று வைத்தால், 40 கோடி இருந்த இடத்தில் 80,000 ஜோடிகள். பொருள் மாறவில்லை, வரிகளும் கூடவில்லை. சோதனை நின்ற இடம் மட்டும் மாறியது.

மாதத்தை ஒப்பிடும் இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. தேதியிலிருந்து மாதத்தைப் பிரித்தெடுக்கும் ஃபங்ஷனை இருபுறமும் போட்டு, விடைகள் சமமா என்று கேட்டால், பல எஞ்சின்களில் இன்டெக்ஸ் போய்விடும். பதிவை உள்ளே போடும்போதே ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து ஒரு புலமாகக் கணக்கிட்டு வைத்துவிட்டால், ஒப்பீடு வெறும் சமன் ஆகிவிடும். கணக்கு எண்ணை முன்பூஜ்யம் நீக்கி ஒப்பிடுவது, பெயரைச் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுவது எல்லாவற்றுக்கும் இதுவே வழி. சுத்தப்படுத்தும் வேலையைப் பதிவு நுழையும் வாசலில் ஒரு முறை செய்யுங்கள். நிபந்தனைக்குள் வைத்தால் அதே வேலை லட்சக்கணக்கான முறை நடக்கும்.

இப்போதும் இந்த விதி சரியில்லை. வேகம் ஒருபுறம் இருக்க, உண்மையிலேயே தவறாக இருக்கிறது. 'அ'வும் 'ஆ'வும் ஒரே பதிவாக இருக்கக் கூடாது என்று நாம் சொல்லவே இல்லை. கிளிப்ஸிலும் ட்ரூல்ஸிலும் ஒரே பதிவு இரண்டு பேட்டர்ன்களுக்கும் பொருந்தலாம். ஒருவர் மாதத்தில் ஒரே ஒரு முறை 6 லட்சம் கட்டினார் என்றால், அந்தப் பதிவு தன்னோடு தானே சேர்ந்து 12 லட்சமாகி, அவர் பெயர் அறிக்கைக்குள் போய்விடும். மேலும், 'அ–ஆ' ஒரு பொருத்தம், 'ஆ–அ' இன்னொரு பொருத்தம் என்று ஒரே உண்மை இரண்டு முறை எச்சரிக்கையாக வரும். 'அ'வின் வரிசை எண் 'ஆ'வின் வரிசை எண்ணைவிடச் சிறியது என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் இரண்டு பிழையும் போகும், பொருத்தங்களும் பாதிக்குக் கீழே இறங்கும்.

அதற்குப் பிறகும் சட்டம் கேட்பது வந்துசேரவில்லை. சட்டம் தொடர் என்கிறது; நாம் இரண்டோடு நிறுத்திவிட்டோம். நான்கு நான்கு லட்சமாக மூன்று முறை கட்டியவர் இந்த விதியில் சிக்கமாட்டார். 'இ', 'ஈ' என்று பேட்டர்ன்களைக் கூட்டிக்கொண்டே போனால், தாம்பேயும் மற்றவர்களும் எச்சரித்த பெருக்கம் வந்து நிற்கும். இங்கே தேவை கூட்டல். ஒரு கணக்கு, ஒரு மாதம், அதன் ரொக்க வரவுகளின் கூட்டுத்தொகை என்று, பல பதிவுகளை ஒரு விடையாகத் திரட்டும் அக்குமுலேட் கொண்டு எழுதினால், ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு விடைதான் வரும். புது வரவு வந்தால் எஞ்சின் அந்தத் தொகையைக் கூட்டும். ஒரு வரவு திருத்தப்பட்டு நீங்கினால் கழிக்கும். எண்ணிக்கையும் சராசரியும் இப்படியே. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டிலும் இந்த வசதி இல்லை; உச்சத்தில் இருந்த பதிவு நீங்கினால் மிச்சத்தை மறுபடி பார்த்தாக வேண்டும். எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விலை.

நண்பர்களே, இந்த ஒரு விதியில் திறனைத் தேடிப் போனபோதுதான் பிழைகள் கண்ணில் பட்டன என்பதைக் கவனியுங்கள். "எத்தனை பொருத்தங்கள் வர வேண்டும்?" என்று கேட்டோம், அந்தக் கேள்வி, சட்டம் உண்மையில் என்ன கேட்கிறது என்பதைத் திரும்பப் படிக்கவைத்தது. திறனைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர்கள், சரியா தவறா என்பதையும் சேர்த்தே தள்ளிவைக்கிறார்கள்.

அடுத்து வரிசை. அஞ்சல் பிரிப்பகத்தில் கடிதத்தை எடுத்ததும் பின்கோடின் முதல் இலக்கத்தைப் பார்த்துப் பெரும்பகுதியை ஒதுக்கிவிடுகிறார்கள். தெருப் பெயரைப் படிப்பது கடைசியில்தான். நிபந்தனைகளிலும் எது அதிகமாகக் கழிக்கிறதோ அது முன்னால் வர வேண்டும். 'அதிக இடர் வகை வாடிக்கையாளர், அவருடைய கணக்கு, அந்தக் கணக்கில் வெளிநாட்டுப் பணவரவு' என்று ஒரு விதி. வாடிக்கையாளர்களில் 100 பேர் அந்த வகை, அவர்களுக்கு 150 கணக்குகள், அன்று மொத்தம் 20,000 பணவரவுகள் என்று வைப்போம். பணவரவில் தொடங்கினால் 20,000 பகுதிப் பொருத்தங்களைக் கணக்கோடு இணைத்து நினைவில் வைத்து, கடைசியில் பெரும்பாலானவற்றைத் தூக்கிப்போடுகிறோம். வாடிக்கையாளரில் தொடங்கினால் 100, பிறகு 150, அங்கிருந்து அந்த 150 கணக்குகளின் வரவுகள் மட்டும். முடிவு ஒன்றே, சுமந்த பாரம் வேறு.

குறைவானது முன்னால் என்ற இந்த வழக்கத்தோடு, அடிக்கடி மாறுவது பின்னால் என்ற வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில நேரம் இரண்டும் மோதும். இன்றைய டாலர் மதிப்பு என்று ஒரே ஒரு பதிவு இருக்கிறது. எண்ணிக்கையில் அதைவிடக் குறைவானது எதுவும் இல்லை. ஆனால் அது நிமிடத்துக்கு ஒரு முறை மாறுகிறது. அதை முதல் பேட்டர்னாக வைத்தால், அது மாறும் ஒவ்வொரு முறையும் அதன்மீது கட்டிய சங்கிலி முழுவதும் குலைந்து மறுபடி கட்டப்படும். கடைசியில் வைத்தால், முன்னே கட்டியது அப்படியே இருக்க, கடைசி இணைப்பு மட்டும் மறுபடி நடக்கும். எது எத்தனை இருக்கிறது, எது எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்ற இரண்டும் தெரியாமல் வரிசையை முடிவு செய்ய முடியாது. இவற்றை எஞ்சினின் கையேடு சொல்லாது. நம் வங்கியின், நம் நிறுவனத்தின் தரவு தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

வரிசையில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இரண்டு விதிகள் ஒரே பேட்டர்ன்களோடு, ஒரே வரிசையில், ஒரே விதமாக எழுதப்பட்டுத் தொடங்கினால், எஞ்சின் அந்தத் தொடக்கத்தை ஒரு முறை கட்டி இரண்டுக்கும் பகிர்ந்து தருகிறது. ஒருவர் 'வகை, பிறகு தொகை' என்றும் இன்னொருவர் 'தொகை, பிறகு வகை' என்றும் எழுதினால் அந்தப் பகிர்வு கைநழுவுகிறது. குழுவாக உட்கார்ந்து, எந்தப் பதிவை எந்த வரிசையில் எழுதுவது என்று ஒரு வழக்கத்தை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரே புலத்தை வெவ்வேறு நிலைத்த மதிப்புகளோடு சமன் பார்க்கும் சோதனைகள் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால், ட்ரூல்ஸ் அவற்றை ஒரு ஹேஷ் அட்டவணையாக மாற்றிவிடுகிறது. அறுபது நாடுகளுக்கு அறுபது விதிகள் இருந்தாலும் ஒரு தேடலில் உரிய விதிக்குப் போய்விடலாம். சமன் என்று எழுதியிருந்தால்தான் இது நடக்கும்.

'அல்லது' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஒரு புலத்துக்குள் 'வகை ரொக்கம் அல்லது வரைவோலை' என்று எழுதுவது மலிவு. பேட்டர்ன்களுக்கு இடையில் 'அல்லது' போட்டால், கிளிப்ஸும் ட்ரூல்ஸும் விதியையே இரண்டாக உடைத்து இரண்டு விதிகளாக வைத்துக்கொள்ளும். அப்படி மூன்று 'அல்லது' இருந்தால் எட்டு விதிகள். இரண்டு பக்கமும் உண்மையாக இருந்தால் விதி இரண்டு முறை செயல்படவும் செய்யும். அதேபோல, ஒரு வாடிக்கையாளருக்குச் சந்தேகப் பரிவர்த்தனை இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால், 'இருக்கிறது' என்ற எக்ஸிஸ்ட்ஸ் நிபந்தனையை எழுதுங்கள். சாதாரண இணைப்பாக எழுதினால் 50 பரிவர்த்தனைக்கு 50 எச்சரிக்கை வரும். அவற்றை ஒன்றாக்க இன்னொரு விதி எழுத வேண்டிவரும்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளரால் எந்தப் பரிவர்த்தனையும் நடக்காத கணக்கு செயல்படாத கணக்கு என்பது ரிசர்வ் வங்கியின் வரையறை. இதற்கு நிபந்தனை எழுதும்போது, கணினிக் கடிகாரத்தைக் கேட்கும் ஃபங்ஷனை நிபந்தனைக்குள் வைப்பவர்கள் உண்டு. பதிவு மாறினால்தான் எஞ்சின் நிபந்தனையைத் திரும்பப் பார்க்கும். கடிகாரம் நகர்வது எந்தப் பதிவின் மாற்றமும் இல்லை. தொடர்ந்து ஓடும் எஞ்சினில், நேற்று பொருந்தாத கணக்கு இன்று பொருந்த வேண்டியிருந்தும் எஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு ஆண்டு எல்லைத் தேதியை ஒரு பதிவாக உள்ளே போட்டு, நாள்தோறும் அதை மாற்றுங்கள். அப்போது எஞ்சினுக்கு மாற்றமும் தெரியும், ஒப்பீடும் புலத்தோடு புலமாக எளிதாகும். நிபந்தனைக்குள்ளிருந்து டேட்டாபேஸையோ வேறு சர்வரையோ அழைப்பதும் இதே காரணத்தால் கூடாது. அந்த அழைப்பு எத்தனை முறை நடக்கும் என்பது நம் கையில் இல்லை. அங்கே நடக்கும் மாற்றமும் எஞ்சினின் கண்ணுக்குத் தெரியாது.

எழுத்துவடிவங்களைத் தேடும் ரெஜெக்ஸ் நிபந்தனைகளுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் இணையப் பாதுகாப்புச் சுவரில் ஒரு புதிய விதியைச் சேர்த்தது. அதிலிருந்த ரெஜெக்ஸில், எதையும் எவ்வளவு நீளத்துக்கும் விழுங்கும் துண்டுகள் அடுத்தடுத்து நின்றன. பொருந்தாத எழுத்துத்தொடர் வந்தபோது, அந்தத் துண்டுகள் தமக்குள் எழுத்துகளைப் பங்கிடும் ஒவ்வொரு வழியையும் ரெஜெக்ஸ் எஞ்சின் முயன்று பார்த்தது. உலகெங்கும் உள்ள அவர்களுடைய சர்வர்களில் சி.பி.யூ. முழுவதும் அதிலேயே செலவாகி, 27 நிமிடம் அவர்களை நம்பியிருந்த தளங்கள் முடங்கின. இதில் நாம் மறக்கக் கூடாத விவரம் ஒன்று உண்டு. அந்த விதி வெள்ளோட்ட நிலையில்தான் இருந்தது. யாரையும் தடுக்கும்படி அது அமைக்கப்படவில்லை. எதையும் 'செய்யாத' விதியும் தன் 'இருந்தால்' பகுதியை ஓட்டித்தானே ஆக வேண்டும்? விலை முழுவதும் நிபந்தனையில் இருந்தது. ரெஜெக்ஸ் தவிர்க்க முடியாதபோது, மலிவான சோதனைகளால் கூட்டத்தைக் குறைத்த பிறகு கடைசியில் அதை வையுங்கள். விழுங்கும் துண்டுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். உள்ளே வரும் எழுத்துத்தொடருக்கு நீள வரம்பு வையுங்கள்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எஞ்சின்கள் மாறும், இன்று இன்டெக்ஸ் கட்டாத ஒப்பீட்டுக்கு நாளை கட்டலாம். மாறாதது அளந்து பார்க்கும் பழக்கம். கிளிப்ஸில் மேட்சஸ் என்ற கட்டளை, ஒரு விதியின் ஒவ்வொரு பேட்டர்னுக்கும் எத்தனை பதிவுகள் பொருந்தின, இணைப்பின் ஒவ்வொரு படியிலும் எத்தனை பகுதிப் பொருத்தங்கள் நிற்கின்றன என்று காட்டும். மற்ற எஞ்சின்களிலும் இதற்கு ஈடான வழி இருக்கும், தேடிக் கண்டுபிடியுங்கள். எதுவுமே இல்லையென்றாலும் பதிவுகளை இரட்டிப்பாக்கி ஓட்டிப் பார்க்கலாம். நேரமும் இரட்டிப்பானால் அச்சமில்லை. நான்கு மடங்கானால், எங்கோ ஓரிடத்தில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்க்கும் நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பத்துப் பதிவுகளை வைத்து டெஸ்ட் செய்தால் இது தெரியாது. பத்தும் பத்தும் பெருக்கினால் நூறுதான், எந்த லேப்டாப்பும் அதைக் கண்சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும்.

உங்களிடம் நான் கேட்பவை மூன்று. ஒவ்வொரு விதிக்கும் மேலே, அது என்ன செய்கிறது என்று எழுதும் குறிப்போடு, எந்தப் பேட்டர்னுக்கு எத்தனை பதிவுகளை எதிர்பார்க்கிறீர்கள், இணைந்த பிறகு எத்தனை மிஞ்சும் என்றும் எழுதுங்கள். தோராயமாக இருந்தாலும் போதும். ஒரு வருடம் கழித்து அந்த விதியைத் திருத்த வருபவருக்கு அது வழிகாட்டும். எண்கள் மாறியிருந்தால் நிபந்தனையை மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். இரண்டாவதாக, விதியைச் சரிபார்க்கும் கூட்டத்தில் தரவை நன்கு அறிந்த ஒருவரை உட்காரவையுங்கள். கிளையில் வேலை பார்த்தவர், கணக்கு எப்படித் திறக்கப்படுகிறது என்று தெரிந்தவர், நிபந்தனையில் எது அதிகம் கழிக்கும் என்பதை நிரல் தெரிந்தவரைவிட முன்னதாகச் சொல்லிவிடுவார். மூன்றாவதாக, புரொடக்‌ஷன் அளவுக்கு இணையான பதிவுகளோடு ஓட்டிப் பார்க்காமல் எந்த விதியையும் அனுப்பாதீர்கள். அதற்கு நேரமும் சர்வரும் கேட்பது உங்கள் உரிமை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குக் கற்றுத்தரும்போதும், முதல் வகுப்பின் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள்: என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், அதைத் தேட எஞ்சின் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்து சொல்லுங்கள். இதைக் கேட்டு வளர்பவர்கள் எந்த எஞ்சினுக்குப் போனாலும் நல்ல விதி எழுதுவார்கள்.

ஒரு விதியைச் சட்டம் எல்லாருக்கும் பொதுவாக வகுத்திருக்கிறது. அதை எல்லாப் பதிவுகள் மீதும் ஓட்ட முடிந்தால்தான் அது உண்மையிலேயே பொதுவான விதி. நேரம் போதவில்லை என்று சிலரைப் பார்த்து, சிலரை விட்டுவிட்டு ஓடும் விதியில் யார் சிக்குவது, யார் தப்புவது என்பதைத் தற்செயல் தீர்மானிக்கிறது. நாம் நிபந்தனையில் செலவிடும் கூடுதல் ஒரு மணி நேரம், அந்தத் தற்செயலை விலக்குவதற்கானது. அந்த நேரத்தைத் தயங்காமல் செலவிடுங்கள். கேட்பவர்களிடம் காரணத்தையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே விதி எழுதும் ஒருவர்